கக்கத்தில் இருக்கும் துண்டு

வருசநாட்டில் இலவங்காய் பறிப்பு முடிந்ததும் பஞ்சு போடிநாயக்கனூர் வியாபாரிகளிடம் போய்ச் சேருகிறது. கொட்டை முந்திரியும் எலுமிச்சையும் ஏதாவதொரு கமிஷன் கடைக்குப் போகின்றன. கடைப்படி ஏறும்போதே குடியானவரின் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. இறக்கச் சொன்னவர் யாருமில்லை; உட்காரச் சொல்கிறவரும் யாருமில்லை. எடை போடும்போது அவர் தராசைப் பார்ப்பதை விட முதலாளியின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். கழிவு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ தள்ளினாலும், மூன்று கிலோ தள்ளினாலும், "சரிங்க முதலாளி" என்பதே பதில்.

மரியாதைதானே, போனால் போகிறது என்று இதை விட்டுவிட முடியாது. தள்ளப்படும் கிலோவுக்கு விலை உண்டு. காய் பிடிக்கும் முன்பே மரத்தின் பேரில் முன்பணம் வாங்கியவருக்குப் பேரம் பேச வாய் வராது என்பது உண்மைதான். ஆனால் முன்பணமே வாங்காதவரும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறாரே, அதற்கு என்ன காரணம்?

காரணம் பழையது. இந்தப் பள்ளத்தாக்கு கண்டமனூர் ஜமீனின் ஆளுகையில் இருந்தது. ஜமீன்தார் எதிரே தோளில் துண்டு போட்டு நிற்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே காடு திருத்தியவர்கள் இன்னொரு பயத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை, கைரேகைச் சட்டம் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். பிறந்த சாதிக்காகவே ஆண்கள் ரேகை பதிய வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டனர்.

சட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கைரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நீக்கப்பட்டது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் அரசு எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. அதற்கு முன் கர்ணத்தின் மனங்கோணினால் அடங்கலில் பயிர் மாறும், பேரும் மாறும் என்று எத்தனையோ பேர் அஞ்சி நடந்தனர். இன்று அலுவலர் பரீட்சை எழுதி வருகிறார், சம்பளம் வாங்குகிறார். ஆனாலும் அவர் மேசைக்கு முன்னால் விவசாயியின் முதுகு பழைய கணக்குப்படியே வளைகிறது.

மலையடிவாரத்தில் பட்டா இல்லாமல் உழுகிறவர்களின் பாடு இன்னும் மோசம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு அவர்களுடைய அச்சம் கூடியிருக்கிறது. வனக்காவலர் சொல்வதையே சட்டம் என்று எண்ணுகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமை கோரும் மனு முதலில் போக வேண்டிய இடம் கிராம சபையாகும். பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்து வந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது கடினமான நிபந்தனை என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் மனுக் கொடுப்பது உரிமை. காவலருக்குக் கோழி கொடுப்பது உரிமையாகாது.

பழக்கம் மாறவே மாறாதா என்றால், மாறும். 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே தராசுக்குப் பின்னால் உட்காருகிறவர் விவசாயி. எதிரே நிற்கிறவர்தான் வாங்க வந்தவர். உட்காரும் இடம் மாறியதும் அதே மனிதர் கறாராக விலை சொன்னார்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் சிறு விவசாயிகள் தலையாட்டுவார்கள். இனிச் சொல்லப்போவது அத்தனை இனிக்காது.

கடையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கியவர், தோட்டத்துக்குத் திரும்பியதும் என்ன செய்கிறார்? தந்தை வயதுள்ள கூலியாளை, அவர் காலனியிலிருந்து வருகிறவர் என்பதற்காகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பத்து வயதுப் பையனும் அப்படியே கூப்பிடுகிறான், யாரும் கண்டிப்பதில்லை. தேநீருக்குத் தனித் தம்ளர், வரப்பில் தனி இடம். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-லேயே ஒழித்துவிட்டது. அப்படியிருந்தும், வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், எழுமலைக்கு அருகிலுள்ள உத்தப்புரத்தில் 1989-ல் தாழ்த்தப்பட்டோர் தெருவைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். பாதை விடுவதற்காக அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை ஆயிற்று. கல் சுவரையாவது இயந்திரம் கொண்டு இடித்துவிடலாம்.

"வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்ற புலம்பல் இன்று எல்லாத் தோட்டங்களிலும் கேட்கிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இளைஞர்கள் திருப்பூர் போகிறார்கள். கூலி அதிகம் என்பது முதற்காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் சொந்த ஊரில் "வாடா" என்பதைக் கேட்டு வளர்ந்த பையன், திருப்பூரில் "வாங்க" என்று கேட்ட பிறகு எந்தக் கூலிக்கும் திரும்பி வரத் தயங்குவான். ஆள் பஞ்சத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் தங்கள் நாக்கையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். இலவங்காயை உடைத்துக் கொட்டை நீக்குவது, அவரை பறிப்பது, களை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். சம கூலிச் சட்டம் 1976-லேயே வந்தும் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. 2005-ல் சட்டமான நூறு நாள் வேலைத் திட்டம் இருவருக்கும் ஒரே கூலி என்று வைத்தபோது முகஞ்சுளித்த விவசாயிகள் ஏராளம்.

பட்டாவில் மனைவி பேர் இருப்பது அபூர்வம். 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி நிலப் பதிவேட்டில் பேர் இருந்தவர்களைக் கணக்கில் எடுத்தது. நாள் முழுதும் குனிந்து களை எடுத்தும் பதிவேட்டில் பேரில்லாத பெண் அங்கே விவசாயி ஆகவில்லை. 2026-ஐப் பெண் விவசாயிகள் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அந்தச் செய்தி வருசநாட்டுக்கு வந்து சேர எத்தனை ஆண்டு ஆகுமோ!

மகள்களின் பங்கு என்றால் பேச்சே வேறு. "சீர் செய்தாயிற்று, காது குத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் முறை செய்தாயிற்று, இன்னும் என்ன பங்கு?" என்கிறார்கள். சீர் அன்பினால் செய்வது. அதைப் பங்குக்கு ஈடாக வைப்பது கணக்கு. தந்தை இறந்து காரியம் முடிவதற்குள் விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்று அவசரப்படும் வீடுகள் பல. கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று அவளும் போட்டுவிடுகிறாள். கமிஷன் கடையில் அண்ணன் சொன்ன "சரிங்க"வும் இங்கே தங்கை சொல்லும் "சரி"யும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை திருமணம் ஆகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டுத் திருமணமான மகள்களும் சேர்க்கப்பட்டனர். அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது.

தந்தை பேரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் இறப்புச் சான்றும் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றும் பெற்று, எல்லா வாரிசுகளின் பேரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்யலாம். வாரிசுச் சான்றில் மகள்கள் பேர் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கப்படும் பெண்கள், அதைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.