கிரயமா, குத்தகையா?

கணினி விளையாட்டுகளைத் தபாலில் வரும் குறுந்தகடாக வாங்குவது நலமா, இணைய வழியே இறக்கிக் கொள்வது நலமா என்று வாதிப்போர் பலர். ஒரு சாரார் சௌகரியத்தைப் பேசுகின்றனர். மற்றொரு சாரார் அலமாரியில் அடுக்கி வைக்கும் இன்பத்தைப் பேசுகின்றனர். இரு சாராரும் மூல விஷயத்தை விட்டுவிட்டனர் என்பது நமது அபிப்பிராயம். பணம் கொடுத்தவனுக்குக் கிடைக்கும் பாத்தியதை யாது? அதுவே கேள்வி.

பிள்ளைகள் விளையாட்டுக்கு இத்தனை வியாக்கியானமா என்று சிலர் நகைக்கலாம். 2009-ஆம் வருஷத்தில் அமேஜான் கம்பெனி, வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போயிற்று. இன்று விளையாட்டுக்கு நேர்வது நாளை நூல்நிலையத்துக்கும் நேரும்.

விற்ற பொருளின்மீது விற்றவனுக்கு ஆதிக்கம் இல்லை என்பது பழைய நியாயம். ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாது என்று புத்தகத்திலேயே அச்சிட்ட பிரசுரகர்த்தரின் வாதத்தை அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு 1908-இல் தள்ளிவிட்டது. இன்றைய கம்பெனிகளோ, "நாங்கள் விற்கவில்லை, அனுமதி மாத்திரமே தந்தோம்" என்கின்றன. கடை வாசலில் கிரயம், பத்திரத்தில் குத்தகை!

குறுந்தகடு கையில் இருந்தால் பயமில்லை என்பதும் வீண் நம்பிக்கையே. 2004-இல் 'ஹாஃப்-லைஃப் 2' குறுந்தகடாக வந்தபோதே, ஸ்டீம் வழியாகப் பதிவு செய்தாலன்றி அதை ஆட இயலவில்லை. 2014-இல் யூபிஸாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ'வைத் தனியே ஆடவும் கம்பெனியின் ஸர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-இல் ஸர்வரை மூடினார்கள். குறுந்தகடு வாங்கியவரும் இறக்கிக் கொண்டவரும் ஒருங்கே ஏமாந்தனர். வீட்டுப் பத்திரம் நம் பெட்டியில், சாவி விற்றவன் மடியில் என்றால் அது யார் வீடு?

என்றென்றும் ஸர்வர் நடத்த முடியுமா என்று கம்பெனிகள் கேட்கலாம். நியாயமே. அப்படி யாரும் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவன் தானே ஆடிக்கொள்ளும் நிலையில் பொருளை விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இதற்குக் கையொப்பமிட்டனர்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சட்டம், வெறும் அனுமதியை அவ்வாறு தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குதல்' என்று அழைக்கலாகாது என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையமின்றி ஆடக்கூடிய சரக்கை அது விலக்கிவிடுகிறது. பூட்டில்லாத கோப்பைத் தரும் ஜி.ஓ.ஜி. போன்ற கடையும் உண்டு. ஆகவே இறக்குமுறை குற்றவாளியன்று, பூட்டே குற்றவாளி.

நேயர்கள் விலை கொடுக்குமுன் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: விற்றவன் நாளை கடையைக் கட்டினால் இது என் கையில் இயங்குமா? இயங்குமென்றால் அது கிரயம். இல்லையென்றால் குத்தகை, குத்தகைக்குக் கிரய விலை கொடுப்பானேன்?