அடங்காத ரத்த அழுத்தத்துக்கு நரம்புச் சிகிச்சை: மாத்திரைக்கு விடுதலை கிடைக்குமா?

சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2021-2022 தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வு காட்டியது. அவர்களில் ஒரு சிறு பிரிவினருக்கு, நீர் பிரிக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்து உட்கொண்டும் அழுத்தம் கட்டுக்குள் வருவதில்லை. அத்தகையோரிடையே ‘ஒரே சிகிச்சையில் மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்ற எதிர்பார்ப்புடன் பேசப்படுவது சிறுநீரக நரம்புச் சிகிச்சை.

தொடை இடுக்கிலுள்ள ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாய் ஒன்று சிறுநீரகத் தமனி வரை செலுத்தப்படுகிறது. தமனியின் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் நரம்புகளை, மின்காந்த அலையோ கேளா ஒலி அலையோ உண்டாக்கும் வெப்பம் செயலிழக்கச் செய்கிறது. உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் சிறுநீரகத்தைத் தூண்டுபவை அந்த நரம்புகள்தான்.

2009ல் வெளியான முதல் ஆய்வு பெரும் நம்பிக்கை அளித்தது. ஆனால், அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லை. அந்தக் குறையை நீக்கி அமெரிக்காவில் 535 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2014ல் வந்தது. ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை. மற்றவர்களுக்குத் தமனியைப் படம் பிடித்ததோடு சரி. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, 120/80 என்பதில் முதலில் வரும் எண், சிகிச்சை பெற்றவர்களிடம் 14 புள்ளி குறைந்திருந்தது. பெறாதவர்களிடமும் ஏறத்தாழ 12 புள்ளி குறைந்திருந்தது!

ஆய்வில் சேர்ந்ததும் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டதும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமலில்லை. 2018ல் வெளியான மற்றோர் ஆய்வில் மருந்தை முறையாக உட்கொண்டவர்கள் 60 விழுக்காட்டினர் மட்டுமே.

கருவிகள் மேம்பட்டு, புதிய ஆய்வுகள் நடந்தபின் 2023 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு கருவிகளுக்கு அனுமதி வழங்கியது. அந்த ஆய்வுகள் பலவற்றில் போலிச் சிகிச்சையைவிடக் கூடுதலாகக் கிடைத்த பலன், நான்கு முதல் ஆறு புள்ளி. அற்பம் என்று ஒதுக்க முடியாது. மருந்தால் ஐந்து புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் அபாயம் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. ஆனால், 160ல் இருப்பவரை 120க்குக் கொண்டுவரும் அளவும் அன்று. சிலருக்குப் பலனே இருப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனையும் இல்லை. பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும்.

ஆகவே, குழாயைப் பற்றி யோசிக்குமுன் அழுத்தம் உண்மையிலேயே அடங்காததுதானா என்று பார்ப்பதே முறை. ‘தலைசுற்றல் இல்லையே’ என்று வார இறுதியில் மாத்திரையை விட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் புதிதல்ல. மூட்டுவலிக்குத் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் சில வலிநிவாரணிகள், கருவாடும் ஊறுகாயும் சேர்க்கும் உப்பு, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்திணறல் எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டெரோன் ஹார்மோனை அதிகம் சுரப்பதும் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் காரணம். ரத்தப் பரிசோதனையில் அதற்கான அறிகுறி தெரிந்துவிடும், அதற்கென்று தனி மருந்தும் உண்டு.

இவை அனைத்தையும் சரிபார்த்தும் வீட்டில் எடுக்கும் அளவு இறங்காதவர்களும், பக்கவிளைவால் மேலும் மருந்து சேர்க்க முடியாதவர்களுமே இந்தச் சிகிச்சை குறித்து இதய மருத்துவரிடம் கேட்கலாம். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குன்றியவர்கள் முக்கிய ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை என்பதால், அவர்கள் அதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.