குவைத் விமான நிலையமும் எமது வட்டைக் காணியும்

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள எமது கரையோர ஊர்களில் குவைத் என்ற பெயரை அறியாத வீடு இல்லை. கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் இருக்க வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து குவைத்துக்கோ ஐந்தாறு மணித்தியாலப் பறப்புத்தான். தமது வட்டைக்குத் திரும்ப முடியாத விவசாயக் குடும்பங்களுக்கு, நிலத்து வழி அடைபட்டிருக்கும்போது வானத்து வழி திறந்திருப்பது போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த வழியும் ஒருமுறை ஒரே நாளில் அடைபட்டது. அன்று நடந்ததிலும் அதன்பின் நடந்ததிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி அதிகாலை ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அதே வேளையில் லண்டனிலிருந்து வந்த பிரித்தானிய விமானம் ஒன்று குவைத் விமான நிலையத்தில் இறங்கியது. அது அங்கிருந்து சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் செல்லவேண்டிய விமானம். அது மீண்டும் எழும்பவேயில்லை. பயணிகள் பிடிபட்டனர், பலர் மாதக் கணக்கில் பணயக் கைதிகளாக வைக்கப்பட்டனர். விமானம் அங்கேயே அழிந்தது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த ஒரு சந்தி அன்று காலையில் மூடப்பட்டது.

அப்போது குவைத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பலரது கடவுச்சீட்டு எசமானின் கையில் இருந்தது. விமானம் இல்லாததால் தரை வழியாக ஈராக்கைக் கடந்து, பாலைவனத்தில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, ஜோர்தான் நாட்டு எல்லையை அடைந்தனர். அங்கே கூடாரங்களில் தண்ணீருக்கும் உணவுக்கும் வரிசையில் நின்றனர். இந்தியா தன் மக்களை ஜோர்தானின் தலைநகர் அம்மானிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு விமானப் பயணங்களில் ஏற்றிச் சென்றது. எம்மவர் பலர் சர்வதேச நிறுவனங்களின் உதவியோடு வந்து சேர்ந்தனர்.

அவர்கள் திரும்பி வந்த ஊர் எப்படி இருந்தது? அதே 1990 ஜூன் மாதம் இங்கு போர் மீண்டும் மூண்டிருந்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி, குவைத் வீழ்ந்த மறுநாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனைக் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் வயலையும் மாட்டையும் விட்டு ஓடினர். குவைத்திலிருந்து ஓடியவரும் வட்டையிலிருந்து ஓடியவரும் ஒரே மாதத்து அகதிகள். சில வீடுகளில் மகள் அங்கே அகதி, தகப்பன் இங்கே அகதி.

இனித்தான் வேறுபாடு. 1991இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை இழப்பீட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கப்பட்டது. 1990 ஓகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரை குவைத்திலிருந்தோ ஈராக்கிலிருந்தோ வெளியேற நேர்ந்த எவரும் தம் நாட்டு அரசின் மூலம் விண்ணப்பிக்கலாம். தனியாளுக்கு 2,500 டொலர், குடும்பத்துக்கு 5,000 டொலர். வேறு கோரிக்கை வைக்காதவர்களுக்கு முறையே 4,000, 8,000 டொலர். என்ன இழந்தாய், அதற்கு ரசீது எங்கே என்று இந்தப் பிரிவில் கேட்கவில்லை. எந்தக் காலத்தில் வெளியேறினாய் என்பதற்கு எளிய சான்று போதுமானதாக இருந்தது. காசு கைக்கு வர வருடங்கள் சென்றன என்பது உண்மை. எனினும் வந்தது. 2022இல் கடைசிக் கொடுப்பனவையும் முடித்தே அந்த ஆணைக்குழு தன் கணக்கை மூடியது.

வட்டையை விட்டு ஓடியவருக்கு அப்படியொரு படிவம் வந்ததா? நிவாரண அட்டை வந்தது, கூரைத் தகடு வந்தது, சிலருக்குச் சிறு உதவித்தொகையும் வந்தது. ஆனால் "நீ வெளியேற நேர்ந்தது, ஆகவே உனக்கு இவ்வளவு உரித்து" என்று எவரும் எழுதித் தரவில்லை. பதினைந்து போகம் விதைக்காத வயலுக்கு யார் கணக்கு வைத்தார்?

அங்கே எண்ணெய் இருந்தது, இங்கே என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் காசு மட்டும் அந்த முறையை நடத்தவில்லை. மூன்று விடயங்கள் அதை நடத்தின: காலவரையறை தெளிவாக இருந்தது; பெயர்ப்பட்டியல் இருந்தது; ஏழையால் நிரப்பக்கூடிய படிவம் இருந்தது. இம்மூன்றுக்கும் எண்ணெய்க் கிணறு தேவையில்லை. இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2018இல் எமது பாராளுமன்றத்திலேயே நிறைவேறியது. சட்டம் இருந்தும் பட்டியல் இல்லையென்றால் அது எம்மை எப்படி எட்டும்?

காலவரையறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று. பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது எமது நாட்டுச் சட்டம். போரினால் வழக்குப் போட முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் வந்து, இரண்டு வருட அவகாசம் தந்தது. அது 2018இல் முடிந்துபோயிற்று. அப்படியொரு கதவு திறந்திருந்ததை முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த எத்தனை பேர் அறிந்தனர்? உறுதிக் காணிக்காரருக்கே இந்த நிலை. அரச அனுமதிப்பத்திரத்தில் வயல் செய்தவருக்கு அச்சட்டத்தால் பெரிய பயன் இருக்கவில்லை.

ஆகவே விமான நிலையத்துக்குப் புறப்படுவோரிடம் நாம் ஒன்றைக் கேட்கிறோம். போக வேண்டாம் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் பசி எமக்குத் தெரியும். ஆனால் ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்கக் காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் குவைத் விமான நிலையமும் கட்டுநாயக்காவும் பயணிகளுக்கு மூடப்பட்டபோது, வேலையிழந்தவர்கள் அங்கே காத்துக் கிடந்தனர். இங்கே வட்டி ஓடியது. விமானப் பாதை எமது கையில் இல்லை. உறுதியும் போனால் திரும்பி வர ஒரு வரம்புகூட இல்லை.

வீட்டில் இருப்போர் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. அனுமதிப்பத்திரம், உறுதி, ஏக்கர் வரி ரசீது, பழைய நிவாரண அட்டை ஆகியவற்றை ஒன்றாக்கிப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பத்திரம் எரிந்திருந்தால் கமநல நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ளதா என்று பாருங்கள். அயல் வயற்காரரும் பழைய வட்டவிதானையும் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சாட்சியத்தைச் சத்தியக் கடதாசியாக எழுதி வாங்குங்கள். ஊரை விட்டு வெளியேறிய திகதியையும் எழுதுங்கள்.

இந்தப் பட்டியலைத் தமிழர் தனியே, முஸ்லிம்கள் தனியே எழுதினால் அது மீண்டும் ஒரு சண்டைக்கே வழி. ஒரே கண்டத்துக்கு இரு பகுதியாரிடமும் கடதாசி உள்ள இடங்கள் உண்டு. கோவில் நிருவாகமும் பள்ளிவாசல் நிருவாகமும் விவசாய அமைப்பும் ஒரே மேசையில் இருந்து எழுதட்டும். உடன்படாததை உடன்படாதது என்றே குறித்து வைக்கட்டும். குவைத்தின் பட்டியலில் ஏறத்தாழ நூறு நாட்டு மக்களின் பெயர்கள் ஒன்றாக இடம்பெற்றன. ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டிய இரு ஊராருக்கு இது முடியாத காரியமா?

குவைத்திலிருந்து ஓடிய மகளுக்கு உலகம் கணக்குத் தீர்த்தது. அதே மாதம் வட்டையிலிருந்து ஓடிய தகப்பனின் கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை. அதைத் திறக்கும்படி கேட்பது பிச்சையல்ல, உரித்து. அடுத்த விதைப்புக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் அந்த மேசை போடப்படட்டும்.