ஆமை காட்டும் அமைதி

ஐப்பசிப் பௌர்ணமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய ஆலயத்தில், ஏறத்தாழ 13 அடி உயரமுள்ள பிரகதீசுவரர் அன்னத்தால் மூடப்பெறும் காட்சியைக் காண மக்கள் திரள்வர். மேளமும் மணியோசையும் கற்பூரப் புகையும் நெரிசலும் பக்தர்க்கு ஆனந்தமே. ஆனால் வரிசையில் நிற்கும் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினால், "வளர்ப்புச் சரியில்லை" என்று யாரேனும் ஒரு பெரியவர் சொல்லிவிடுகிறார். அச்சொல் தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று குறிப்பிடும் கவனக்குறைவு, மிகை இயக்க நிலை, மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. பிடிவாதமோ வளர்ப்பின் பிழையோ அன்று. இந்நிலையுடையோர் பலருக்கு, வேண்டிய ஓசையை ஏற்று வேண்டாததை விலக்குவது கடினம். எல்லாம் ஒருசேரப் புகும்போது மனம் திணறுகிறது.

பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு அங்கங்களுள் ஐந்தாவது பிரத்தியாகாரம். புலன்களை உள்முகமாகத் திருப்புதல். திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் இதனை விளக்குகிறார். வள்ளுவரும் கீதையும் புலனடக்கத்துக்கு ஆமையையே உவமை காட்டுகின்றனர். ஆமை தன் உறுப்புகளை ஒறுப்பதில்லை. சற்றே உள்ளிழுத்துக்கொண்டு, வேளை வந்ததும் மீண்டும் நீட்டுகிறது. ஆகவே இது அதட்டி அடக்கும் முறையன்று.

திணறும் குழந்தையைக் கூட்டத்தினின்று விலக்கி, வெளிப் பிராகாரத்தில் நிழலான ஓரிடத்தில் அமர்த்தலாம். கண்களை மூடு என்று வற்புறுத்த வேண்டா. பார்வையைத் தாழ்த்தினால் போதும். தொலைவில் கேட்கும் ஓர் ஓசை, அருகில் கேட்கும் ஓர் ஓசை, பின்னர்த் தன் மூச்சு என்று கவனத்தைப் படிப்படியாக உள்ளே அழைக்கலாம். காதுகளை மெல்ல மூடி, வண்டுபோல் ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரியை ஐந்தாறு முறை செய்யலாம். இவற்றை வீட்டில், அமைதியான வேளையில், நாள்தோறும் பழக்கியிருத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாது. இப்பயிற்சி துணையே அன்றி மருத்துவத்துக்கு மாற்றன்று. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

அவ்வாலயத்தின் அமைப்பும் இதனையே உணர்த்துகிறது. வெயில் பரந்த திருமுற்றம், ஒளி குறைந்த மகாமண்டபம், ஒற்றைத் தீபம் துலங்கும் கருவறை. உள்ளே செல்லச் செல்லப் புறவுலகம் ஒடுங்குகிறது. திருவிழா நாளில் தரிசிக்க இயலாத குழந்தை, கூட்டமில்லாக் காலைப்பொழுதில் தாத்தாவின் கைபற்றி அப்பெருமானைக் கண்குளிரக் காணலாம். அதுவரை நெரிசலில் அழும் குழந்தைக்கும் அதன் தாய்க்கும் சுடுசொல் கூறாது வழிவிட்டு நிற்பதும் சிவத்தொண்டே.