வளர்ந்த பிள்ளைக்கும் சொல்லித் தரத்தான் வேண்டும்

அறிவு வளர்ச்சி குறைந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவளுக்கு இருபது வயசாச்சு. மாசாமாசம் நான்தான் எல்லாம் பார்க்கணும். நாளைக்கு எவனாவது ஏதாவது பண்ணிட்டா? பேசாம கர்ப்பப்பையை எடுத்துடலாமா?"

பெற்ற வயிற்றின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், சகோதரிகளே, கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். தப்பாகத் தொடுகிற கை நிற்குமா? நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

1994-இல் மகாராஷ்டிரத்தில், ஷிரூர் அரசு விடுதியிலிருந்த பெண்கள் சிலருக்கு, சுத்தத்தைக் காரணம் காட்டிப் புணேயில் இந்த ஆபரேஷனைச் செய்தார்கள். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. இன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, சம்பந்தப்பட்டவர் புரிந்துகொண்டு தாமாகச் சம்மதிக்காமல், பிள்ளைப்பேற்றை இல்லாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது. இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தெரிந்துகொள்ளவும் அதே சட்டம் அவர்களுக்கு வழி செய்கிறது.

"அதுக்கு என்னங்க புரியும், குழந்தை மாதிரி" என்பீர்கள். உடம்பு குழந்தையாக நிற்கவில்லையே! ஆசையும் கூச்சமும் அவர்களுக்கும் வரும். பல் தேய்க்க நூறு தரம் சொல்லித் தந்தோம் அல்லவா? இதையும் அப்படித்தான், சின்னச் சின்ன வார்த்தையில், படம் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

முதலில், அந்தரங்க உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்குள் வைத்த செல்லப்பெயர் டாக்டருக்கும் போலீசுக்கும் விளங்காது.

அடுத்தது மாதவிலக்கு. நாப்கினில் குங்குமத் தண்ணீர் தெளித்து, எடுப்பது, மடித்துப் போடுவது, புதிதை ஒட்டுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். காலண்டரில் அவளையே சிவப்புப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எது எங்கே என்பது. உடை மாற்றுவது கதவைச் சாத்திக்கொண்டுதான். பெண்ணோ பையனோ தன் உறுப்பைத் தானே தொட்டுக்கொண்டால் அடிக்காதீர்கள், அது வியாதியல்ல. "ஹாலில் கூடாது, உன் ரூமில், கதவைச் சாத்திக்கிட்டு" என்று மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். பையனுக்குத் தூக்கத்தில் துணி நனைந்தாலும் அப்படியே. துணியை மாற்றிக்கொள்ளப் பழக்கினால் போதும்.

கடைசியாக, மிக முக்கியமானது: "வேண்டாம்" என்று சொல்லும் பழக்கம். சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று பெருமைப்படுகிறோம். யார் சொன்னாலும் கேட்டால்தான் ஆபத்து. கெடுதல் செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். ஆகவே வருகிறவர்கள் எல்லோரையும் கட்டிப்பிடிக்க விடாமல், கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்குங்கள். குளிப்பாட்டும்போது நீங்களே "தொடட்டுமா?" என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அதட்டாதீர்கள். குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெண்கள் உதவி எண் 181. போலீஸ், பெண்ணின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சிறப்பு ஆசிரியர் ஒருவரை உடன் வைத்து எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைக் கேட்டு வாங்குங்கள்.

"எனக்கப்புறம் இவளை யார் பார்ப்பா?" என்பதுதானே நம் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கவலை? தன் உடம்பைத் தானே பேணவும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்த பெண்ணைப் பார்த்துக்கொள்வது யாருக்கும் சுலபம். இந்த மாதமே காலண்டரையும் சிவப்புப் பென்சிலையும் அவள் கையில் கொடுத்துப் பாருங்களேன்!