திகதியும் அணியும்

செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர் பலர், பிழை நேர்ந்தால் கணினி உடனே முறையிடும் என்று நம்பியிருக்கின்றனர். முறையிடாத பிழையே கொடியது. இணையத்தளங்களை இயக்கும் பி.எச்.பி. மொழியில் இதற்குச் சான்றுகள் பல உள.

ஒரு சங்கத்தின் சந்தாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 01/02/2024 என்று எழுதினால், நாம் பெப்ரவரி முதலாந் திகதியையே கருதுவோம். பி.எச்.பி.யோ, சாய்கோட்டைக் கண்டவுடன் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிற் கொண்டு, ஜனவரி 2 என விளங்கிக்கொள்ளும். 13/02/2024 என்று எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையால் ஏற்க மறுக்கும். ஆகவே, மாதத்தின் முதற் பன்னிரு நாட்களிலேதான் தவறு ஓசையின்றி நுழைகின்றது. 2024-02-01 என ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் எழுதுவோர்க்கு இம்மயக்கம் இல்லை.

இவ்வொழுங்கினால் மற்றுமொரு நன்மையும் உண்டு. காலையிற் சேர்ந்த பணம் ஓர் அணியிலும், மாலையிற் சேர்ந்தது மற்றோர் அணியிலும் இருப்பதாகக் கொள்வோம். அணி என்பது, சாவியும் அதற்குரிய பெறுமானமுமாக அமைந்த பட்டியல். இங்கே திகதியே சாவி, தொகையே பெறுமானம். இரண்டையும் ஒன்றாக்க ‘அரே மேர்ஜ்’ என்ற கட்டளை உளது. சிறுகோடுகளை நீக்கி 20240201 எனச் சாவி அமைத்தால், பி.எச்.பி. அதனை வெறும் எண்ணாகக் கருதி, இணைக்கும்போது 0, 1, 2 எனப் புதிதாய் இலக்கமிட்டுவிடும். தொகை எஞ்சும், திகதி மறையும். கோடுகளோடு எழுதிய சாவி அவ்வாறே நிலைக்கும்.

எனினும், ஒரே நாளிற் காலையில் 500 ரூபாவும் மாலையில் 300 ரூபாவும் சேர்ந்திருந்தால் யாது நிகழும்? காலை அணியை முன்வைத்து இணைத்தால், ‘அரே மேர்ஜ்’ பின்வந்த 300ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். கூட்டற்குறியால் இணைத்தால் முன்னிருந்த 500 மட்டுமே எஞ்சும். 800 இரண்டு வழியிலும் வாராது! மாலை அணியின் சாவிகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அச்சாவி காலை அணியில் இருந்தால் தொகையைக் கூட்டவும், இல்லாவிட்டால் புதிதாய்ச் சேர்க்கவும் நாமே செய்நிரல் எழுதல் வேண்டும்.

கணக்கிற் குறையும் பணத்திற்காகக் கணினியை எவரும் ஐயுறார், பொருளாளரையே ஐயுறுவர். ஆதலால், இணைப்பதற்கு முன் இரு அணிகளின் மொத்தத்தையும், இணைத்தபின் வந்த மொத்தத்தையும் ஒப்புநோக்குதல் மாணவர் இன்றே பழகவேண்டிய நல்வழக்கமாகும்.