செஸ் அட்டை பரணுக்குப் போனது ஏன்?



2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததல்லவா? வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யைப் பார்த்த ஆசையில், எங்கள் திருப்புட்குழியிலும் சில வீடுகளில் செஸ் அட்டை வாங்கினார்கள். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது இன்னும் சிலர் வாங்கினார்கள்.

இப்போது பல அட்டைகள் பரணில் தூங்குகின்றன!

'செஸ் ரொம்பக் கஷ்டம் சார்' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லிக் கொடுக்கும் நாங்கள்தான் அவசரப்படுகிறோம். பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு நானும் ஒரே மாலையில் ஆறு வகைக் காய்கள், கோட்டை கட்டுவது, சிப்பாய் போகிற போக்கில் வெட்டுவது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு பத்தே நிமிடத்தில் அவளைத் தோற்கடித்தேன். (என்ன வீரம் பாருங்கள்!) மறுநாள் கூப்பிட்டால், "வீட்டுப்பாடம் இருக்கு தாத்தா" என்றாள்.

என் பாட்டி அப்படிச் செய்யவில்லை. திண்ணையில் கரியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் கற்றுத் தந்தார். 3 புலி எனக்கு, 15 ஆடு அவருக்கு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம் என்பதை, வெட்டும் கட்டம் வந்தபோதுதான் சொன்னார். முதல் ஆட்டை வெட்டியதும் நான் குதித்த குதி!

செஸ்ஸிலும் அப்படித் தொடங்கலாம். முதல் நாள் ஆளுக்கு 8 சிப்பாய்கள் மட்டும். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கோடியைத் தொடுகிறதோ, அவருக்கு வெற்றி. அடுத்த நாள் ராஜாவைச் சேருங்கள். பிறகு ஒவ்வொரு காயாக வரட்டும்.

'இது குழந்தை விளையாட்டு' என்று நினைக்கிறீர்களா? குகேஷின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் ஆளுக்கு 6.5 புள்ளி. 14-வது ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திவிட்டார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு வெளியேறின. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்கள், குகேஷுக்கு 2 சிப்பாய், டிங்குக்கு 1. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்தையே அந்தச் சிப்பாய்க் கணக்குதான் தீர்மானித்தது!

சொல்லித்தர பெரிய பயிற்சியாளர்தான் வேண்டும் என்பதில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. உங்கள் தம்பி, தங்கைக்கு நீங்களே சொல்லித் தரலாம்.

அந்தச் சிறுமியை இந்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். பலகையில் வெறும் சிப்பாய்கள்தான். வெள்ளைக் காய் அவளுக்கு.